புகையின் பேரேடு: அப்பிள் கம்பனியின் காபன் வாக்குறுதி குறித்து ஒரு வரலாற்று நோக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே லங்காஷயர் நகரங்களின் பருத்தி ஆலைப் புகையை எவரும் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. அது ஆலையின் உச்சியில் நின்றது. தொழிலாளியின் வீட்டுச் சுவரிலும் அவன் குழந்தையின் நுரையீரலிலும் படிந்தது. ஆலையும், புகையும், ஆலை முதலாளியின் பெயரும் ஒரே தெருவிலே காணக் கிடந்தன. நம் காலத்து மாபெருங் கைத்தொழில்களுள் ஒன்றோ புகைபோக்கி இல்லாத கைத்தொழிலாகவே நமக்குக் காட்சி தருகின்றது. மாணவன் சட்டைப்பையிலும் ஆசிரியர் மேசையிலும் இருக்கின்ற கைத்தொலைபேசி தொட்டால் கரி ஒட்டாத பொருள். அதனைச் செய்த கைகள் எவை, அக்கைகள் இயக்கிய பொறிகளுக்கு மின்சாரம் எங்கிருந்து வந்தது, அம்மின்சாரத்துக்காக எரிந்த நிலக்கரி எவர் கணக்கில் எழுதப்பட்டது என்னும் வினாக்கள் அதனைக் கையிலெடுக்கும்போது நம் மனத்தில் எழுவதில்லை.

இவ்வினாக்களை ஆராய்வதற்கு அப்பிள் கம்பனியின் வரலாறு தக்கதொரு சான்றாகும். 2030 ஆம் ஆண்டளவில் தன் முழு வியாபாரத்தையும், தன் பொருள்களைச் செய்து கொடுக்கும் பிறரது தொழிற்சாலைகளையும், விற்ற பொருள்கள் பாவிக்கப்படும் காலத்தையும் உள்ளடக்கிக் காபன் சமநிலையை எய்துவதாக அக்கம்பனி 2020 யூலையில் உலகறிய வாக்களித்தது. வாக்குறுதியை விளம்பரமென்று ஏளனஞ் செய்து ஒதுக்குவது எளிது. அதனை அப்படியே நம்பிக் கைதட்டுவதும் எளிது. இவ்விரண்டையும் விடுத்து, அது எவ்வாறு பிறந்தது, எவரால் பிறப்பிக்கப்பட்டது, எந்த எல்லையில் வந்து நின்றது என்பதை வரலாற்று முறையில் நோக்குவதே நம் கடனாகும்.

முதலில் அப்பிள் பிறந்த மண்ணைப் பார்ப்போம். கலிபோர்ணியாவின் சன்ரா கிளாரா பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் பழத்தோட்டங்களுக்குப் பெயர் பெற்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் தோட்டங்கள் அழிந்து மின்னணுத் தொழிற்சாலைகள் எழுந்தன. சிலிக்கன் பள்ளத்தாக்கு என்ற புதுப் பெயரும் வந்தது. புகைபோக்கி இல்லாத அத்தொழிற்சாலைகள் கல்லூரிக் கட்டடங்கள் போலத் தோன்றின. இதுவே தூய கைத்தொழில் என்று நகரசபைகள் நம்பின. அப்பிள் 1976 இல் அங்கேதான் தொடங்கியது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1981 இல், சான் ஹோசே நகரின் தென்பகுதியில் பெயர்சைல்ட் என்ற வேறொரு கம்பனியின் நிலத்தடித் தாங்கியிலிருந்து கரைப்பான் கசிந்து குடிநீர்க் கிணற்றில் கலந்திருப்பது தெரிய வந்தது. அதன் பின்னர் தோண்டிப் பார்த்த இடமெல்லாம் இத்தகைய கசிவுகள் வெளிப்பட்டன. ஐக்கிய அமெரிக்காவின் மத்திய அரசு மிக மோசமாக நஞ்சூறிய இடங்களென்று பட்டியலிட்டவற்றுள் 23 இடங்கள் அந்த ஒரு மாவட்டத்திலேயே உள்ளன. தூய கைத்தொழில் தன் அழுக்கை வானத்துக்கு அனுப்பாமல் நிலத்துக்கு அனுப்பியிருந்தது.

அடுத்து வந்த மாற்றம் இதனினும் பெரிது. அப்பிள் கம்பனி தன் மக்கின்ரொஷ் கணனியைச் செய்வதற்கு 1984 இல் அதே கலிபோர்ணியாவின் பிறீமொன்ற் நகரில் ஒரு தொழிற்சாலையைத் திறந்தது. 1992 இல் அது மூடப்பட்டது. கொலராடோவிலிருந்த தொழிற்சாலை 1996 இல் வேறொரு கம்பனிக்கு விற்கப்பட்டது. சக்கிராமென்ரோ அருகே எல்க் குரோவில் நடந்த உற்பத்தி 2004 இல் நின்றது. வரைபடம் கலிபோர்ணியாவிலும், உற்பத்தி தாய்வான் கம்பனிகள் சீனத்தில் நடத்திய தொழிற்சாலைகளிலும் என்ற ஏற்பாடு நிலைபெற்றது. சென்சென் நகரிலும், பின்னர் நிலக்கரி மாகாணமாகிய ஹெனானின் செங்சோ நகரிலும் இலட்சக்கணக்கான இளந் தொழிலாளர் பணிக்கமர்த்தப்பட்டனர். கூலியை மலிவாக்குவதே இதன் நோக்கம். புகையை ஒளிப்பதற்கென்று எவரும் திட்டமிட்டாரில்லை. ஆயினும் கூலியோடு கூடவே புகையும் கடல் கடந்தது.

இங்கே கணக்கியல் பற்றிச் சிறிது கூற வேண்டும். கம்பனிகள் தம் பச்சைவீட்டு வாயுக்களைக் கணக்கிடும் முறையொன்று 2001 இல் வகுக்கப்பட்டது. அது புகையை மூன்று வகையாகப் பிரிக்கிறது. கம்பனி தன் சொந்த அடுப்பிலும் வாகனத்திலும் எரிப்பது முதலாம் வகை. அது விலைக்கு வாங்கும் மின்சாரத்துக்காக வேறிடத்தில் எரிவது இரண்டாம் வகை. அதன் பொருளுக்காகப் பிறர் சுரங்கத்திலும், உலையிலும், தொழிற்சாலையிலும், கப்பலிலும் எரிப்பதும், வாங்கியவர் பாவிக்கும்போது எரிவதும் மூன்றாம் வகை. சொந்தத் தொழிற்சாலைகளைக் கைவிட்ட கம்பனிக்கு முதல் இரண்டு வகைகளும் அற்பமாகி விடுகின்றன. அப்பிள் தானே வெளியிட்ட கணக்கின்படி 2015 இல் அதன் மொத்தச் சுமை 3 கோடியே 84 இலட்சம் தொன். அதில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் உற்பத்தியில் எழுந்தது. அலுவலகங்களும் கடைகளும் தரவு நிலையங்களும் சேர்ந்து நூற்றுக்கு ஒன்று என்ற அளவினவே. மூன்றாம் வகையை எழுதாமல் விட்டிருந்தால் அக்கம்பனி ஏறத்தாழப் புகையற்ற கம்பனியாகவே ஏட்டில் நின்றிருக்கும்.

அவ்வாறு நிற்க விடாதவர் எவர்? கம்பனியின் இயக்குநர் சபை ஒருநாட் காலையில் மனம் மாறியதாக நாம் எண்ணுவதற்கு இடமில்லை. 2006 இல் கிறீன்பீஸ் இயக்கம் மின்னணுக் கம்பனிகளை நச்சுப் பொருள், கழிவு ஆகியன பற்றித் தரப்படுத்தி, அப்பிளைக் கடைசி வரிசையில் வைத்தது. அதன் வாடிக்கையாளரே அதனைக் கேள்வி கேட்கத் தொடங்கினர். 2007 மே மாதத்தில் ஸ்டீவ் ஜொப்ஸ் பகிரங்கக் கடிதமொன்றில் கம்பனியின் சூழல் திட்டங்களை வெளியிட நேர்ந்தது. 2011 இல் சீனத்தின் மா ஜுன் தலைமையிலான ஆய்வு நிறுவனமும் அதன் தோழமை அமைப்புகளும், அப்பிளுக்குப் பொருள் வழங்கும் தொழிற்சாலைகள் ஆற்றையும் காற்றையும் கெடுப்பதை இரண்டு அறிக்கைகளில் எடுத்துரைத்தன. அதே ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும், வட கரோலினாவின் மெயிடன் ஊரில் அப்பிள் எழுப்பிய தரவு நிலையம் நிலக்கரி மின்சாரத்தில் இயங்கப் போவதைக் கிறீன்பீஸ் அம்பலப்படுத்தியது. அதன் பின்னரே அங்கு பெரிய சூரிய மின் நிலையங்கள் எழுந்தன. ஐக்கிய அமெரிக்க அரசின் சுற்றாடற் பாதுகாப்பு முகவரகத்துக்குத் தலைவராயிருந்த லிசா ஜாக்சன் 2013 இல் அப்பிளில் உயர் பதவி ஏற்றார்.

முதலாளிகளிடையே இருந்த பூசலும் இங்கு குறிப்பிடத்தக்கது. காலநிலைச் சட்டங்களை எதிர்த்தமைக்காக அமெரிக்க வர்த்தக சம்மேளனத்திலிருந்து அப்பிள் 2009 இல் விலகியது. 2014 பங்குதாரர் கூட்டத்தில், இலாபந் தராத சூழல் முயற்சிகளைக் கைவிட உறுதி தருமாறு வலதுசாரிக் குழுவொன்று கேட்டபோது, இலாபம் ஒன்றையே கருதுவோர் தம் பங்குகளை விற்றுவிட்டுப் போகலாம் என்ற கருத்துப்பட ரிம் குக் விடையிறுத்தார். அச்சொல்லை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும், வாடிக்கையாளரின் நன்மதிப்பே பெருஞ் சொத்தாக அமைந்த கம்பனிக்கு அதைக் காப்பதும் இலாபத்தின் ஒரு பகுதியே என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இனி நடந்தேறியவற்றை நேர்மையாக எடுத்துரைப்போம். பொருள் வழங்குவோரைத் தூய மின்சாரத்துக்கு மாற்றும் திட்டம் 2015 இல் தொடங்கியது. தன் சொந்த இடங்கள் யாவும் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தில் இயங்குவதாக 2018 ஏப்பிரலில் அப்பிள் அறிவித்தது. 2024 இல் பொருள் வழங்குவோரின் பாவனைக்கென 17.8 கிகாவாற்று அளவான தூய மின்சார ஆற்றல் இயங்கியதாக அதன் அறிக்கை கூறுகிறது. தாதுவிலிருந்து அலுமினியம் பிரித்தெடுத்தலே பெருமளவு மின்சாரத்தை விழுங்குவதாகையால், கழிவு அலுமினியத்தை உருக்கிப் பயன்படுத்தியமையும் பெரும் பயன் தந்தது. 2015 இன் 3 கோடியே 84 இலட்சம் தொன் 2024 இல் 1 கோடியே 53 இலட்சம் தொன்னாகக் குறைந்தது. அதாவது நூற்றுக்கு 60 வீதக் குறைவு. இதே காலத்தில் ஆண்டு வருமானம் 23,370 கோடி டொலரிலிருந்து 39,100 கோடி டொலராக உயர்ந்தது. வியாபாரம் பெருகும்போது புகை குறைய முடியாதென்று வாதித்தவர்களுக்கு இது வலுவான மறுப்பாகும். செய்யக்கூடியது செய்யப்பட்டிருக்கிறது. அப்படியானால் இத்தனை ஆண்டுகள் அது ஏன் செய்யப்படவில்லை என்ற கேள்வியும் உடன் எழுகின்றது.

எனினும் இக்கணக்கை எழுதியவர் யார்? கம்பனியே எழுதுகிறது, கம்பனி கூலி கொடுத்து அமர்த்தும் நிறுவனம் சரிபார்க்கிறது. தூய மின்சாரம் என்று எழுதப்படுவது எப்போதும் அந்தத் தொழிற்சாலையின் கம்பியில் ஓடிய மின்சாரமாக இருப்பதில்லை. வேறோரிடத்தில் சூரிய ஒளியாலோ காற்றாலோ பிறந்த மின்சாரத்தின் சான்றிதழை வாங்கினாலும் பேரேட்டில் அது தூயதென்றே பதிவாகும். இரவில் நிலக்கரி மின்சாரத்தைப் பாவித்த தொழிற்சாலை, பகலில் வேறு மாகாணத்தில் எழுந்த சூரிய மின்சாரத்தைத் தன் பெயரில் எழுதிக்கொள்ள விதி இடமளிக்கிறது. புதிய மின் நிலையத்தை எழுப்புவதும் ஏற்கெனவே உள்ளதன் சான்றிதழை வாங்குவதும் ஏட்டில் ஒன்றாகத் தோன்றினும் வானத்தில் ஒன்றல்ல.

மின்சாரத்தை மாற்றினாலும் மாறாத புகையும் உண்டு. கணனியின் மூளையாகிய சில்லுகளையும் திரைகளையும் செய்யும்போது புளோரின் கலந்த வாயுக்கள் பாவிக்கப்படுகின்றன. அவற்றுள் நைதரசன் முப்புளோரைட்டு, ஒரு நூற்றாண்டுக் கால அளவில், காபனீரொட்சைட்டைப் போல 16,000 மடங்குக்கு மேல் வெப்பத்தைத் தடுத்து வைக்கும் வலிமையுடையது. 1997 இன் கியோட்டோ உடன்படிக்கைப் பட்டியலில் இவ்வாயு இடம்பெறவில்லை. 2012 இல்தான் சேர்க்கப்பட்டது. பட்டியலில் இல்லாத காலமெல்லாம் அது வானத்தில் இருந்தது, ஏட்டில் இல்லை. நேரடியாகப் பொருள் வழங்கும் 26 சில்லுக் கம்பனிகள் இத்தகைய வாயுக்களில் நூற்றுக்குத் 90 வீதத்தையேனும் 2030 அளவில் தடுப்பதற்கு உறுதி தந்துள்ளனவாக அப்பிள் 2025 இல் அறிவித்தது. பொறி உண்டு, முறை உண்டு, செலவும் தாங்கக்கூடியது என்பதை இவ்வுறுதியே காட்டுகிறது.

வாக்குறுதியின் இன்னொரு பகுதி மரங்களைச் சார்ந்தது. 2015 இன் அளவில் நூற்றுக்கு 75 வீதத்தைக் குறைத்து, எஞ்சும் 25 வீதத்தை, அஃதாவது ஏறத்தாழ 96 இலட்சம் தொன்னை, காடு வளர்ப்பு போன்ற வழிகளால் ஈடுசெய்வதே திட்டம். 2023 செப்டெம்பரில் அப்பிள் சில கைக்கடிகாரங்களைத் தன் முதலாவது காபன் சமநிலைப் பொருள்களென்று விற்பனைக்கு விட்டது. ஒரு கடிகாரத்தின் சுமையைப் பெருமளவு குறைத்து, எஞ்சிய ஏறத்தாழ 8 கிலோவை மரங்களின் பேரில் கழித்தது. அம்மரங்களுட் பல பரகுவே நாட்டின் யூக்கலிப்டஸ் தோட்டங்கள். ஜேர்மனியின் சுற்றாடல் அமைப்பொன்று வழக்குத் தொடுத்தது. அத்தோட்ட நிலத்தில் நான்கில் மூன்று பங்கின் குத்தகை 2029 உடன் முடிவடைகிறது என்பது வழக்கிலே வெளிப்பட்டது. சமநிலை என்ற சொல்லைக் காணும் நுகர்வோர் அவ்வீடு 2050 அளவு வரையேனும் நிலைக்குமென்று எதிர்பார்ப்பரெனக் கூறி, அவ்விளம்பரத்தைப் பிராங்பேர்ட் நீதிமன்றம் 2025 ஓகஸ்டில் தடை செய்தது. அடுத்த மாதம் வந்த புதிய கடிகாரங்களோடு அச்சொல் வரவில்லை.

இத்தீர்ப்பின் உட்பொருளை நாம் நன்கு சிந்திக்க வேண்டும். நிலக்கரியிலிருந்து எழுந்த காபனீரொட்சைட்டின் கணிசமான பங்கு பல நூற்றாண்டுகள் வானத்தில் தங்கும். குத்தகை நிலத்து மரமோ குத்தகை முடிந்ததும் கோடரிக்கு இரையாகலாம். நிலையான கடனுக்குத் தற்காலிக ஈடு வைத்தல் எந்த வட்டிக்கடையிலும் செல்லாது; காலநிலைக் கணக்கில் அது பல ஆண்டுகள் செல்லுபடியாயிற்று. அதுமட்டுமன்று. பணக்கார நாட்டின் கடிகாரத்துக்கு ஈடாக ஏழை நாட்டின் நிலம் ஒதுக்கப்படும்போது, அந்நிலத்தில் எது விளைய வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர் எவர் என்ற பழைய வினா புதிய உடையில் வந்து நிற்கிறது. தோட்டப் பயிர்களின் வரலாற்றை அறிந்த இலங்கை வாசகருக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

எல்லாவற்றினும் ஆழமான முரண்பாடு பண்டத்தின் இயல்பிலேயே அடங்கியுள்ளது. 2020 இல் வெளிவந்த ஐபோன் 12 இன் ஆயுட்காலச் சுமை ஏறத்தாழ 70 கிலோ. அதில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல், அது கடைக்கு வருமுன்னரே, உற்பத்தியில் எழுந்து முடிந்து விடுகிறது. எனவே புகையைக் குறைக்கும் மிக எளிய வழி கைத்தொலைபேசியை நீண்டகாலம் பாவிப்பதே. மூன்று ஆண்டு பாவிப்பதை ஆறு ஆண்டு பாவித்தால் ஓர் ஆண்டுக்குரிய உற்பத்திப் புகை பாதியாகும். இதற்குச் சூரிய மின் நிலையமும் வேண்டாம், பரகுவே மரமும் வேண்டாம். ஆனால் ஆண்டுதோறும் புதிய வடிவத்தை வெளியிட்டு விற்பதே கம்பனியின் உயிர்மூச்சு. மின்கலம் தளர்ந்த பழைய கருவிகளின் வேகத்தை மென்பொருளால் குறைத்ததை அப்பிள் 2017 டிசெம்பரில் ஒப்புக்கொண்டது. பாவனையாளருக்கு அதனை அறிவிக்காமைக்காகப் பிரான்சில் 2020 இல் இரண்டரைக் கோடி யூரோ செலுத்த உடன்பட்டது. பாவனையாளர் தாமே பழுது பார்ப்பதற்கு உதிரிப்பாகங்களை வழங்கும் ஏற்பாட்டை, பல ஆண்டு எதிர்ப்பின் பின்னர், 2021 நவம்பரில் அறிவித்தது. அதுவும் பழுதுபார்க்கும் உரிமைக்காகப் போராடியோர் சட்டமன்றங்களின் கதவைத் தட்டிய பின்னரே நடந்தது. கம்பனியின் ஒரு கை புகையைக் குறைக்கிறது. மறு கை பழையதைக் கைவிட்டுப் புதியதை வாங்குமாறு அழைக்கிறது. இது தனிமனிதர் எவரின் தீய குணத்தாலும் விளைந்ததன்று. பாவனைக்காகவன்றி விற்பனைக்காகவே பண்டஞ் செய்யும் சமுதாய அமைப்பின் இயல்பாகும்.

இப்பேரேட்டில் இடம்பெறாத வரிகளும் உண்டு. சீனத்தின் சுசோ நகரில் திரைகளைத் துடைக்கப் பாவித்த ஹெக்சேன் என்னும் கரைப்பானால் 137 தொழிலாளர் நோயுற்றதை அப்பிளே 2011 இல் தன் அறிக்கையில் ஒப்புக்கொண்டது. அண்மைக் காலத்தில் உற்பத்தியின் ஒரு பகுதி தமிழ்நாட்டுக்கும் வந்துள்ளது. சிறீபெரும்புதூர் அருகே ஐபோன் செய்யும் பொக்ஸ்கொன் தொழிற்சாலையின் இளம் பெண் தொழிலாளர் பலர் 2021 டிசெம்பரில் விடுதி உணவு நஞ்சானதால் நோயுற்றனர்; அவர்களுடைய தோழியர் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தனர். விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன் விதிகளுக்கு அமையவில்லையென அப்பிள் ஏற்று, அத்தொழிற்சாலையைக் கண்காணிப்பில் வைத்தது. அவர்கள் வீதியில் அமராதிருந்தால் அந்த ஏற்பு வந்திருக்குமா? ஒரு கருவிக்குப் பின்னால் எழுந்த காபனைக் கிலோக் கணக்கில் எழுதும் பேரேடு, அதனைக் கோத்த பெண்ணின் உறக்கத்தையும் உணவையும் எழுதும் நிரலை இன்னும் திறக்கவில்லை. காற்றைக் காக்கும் போராட்டமும் உழைப்பவரைக் காக்கும் போராட்டமும் ஒரே தொழிற்சாலை வாயிலிலேதான் சந்திக்கின்றன.

அப்படியாயின் நாம் எய்தும் முடிவு யாது? பிரித்தானிய வரலாற்றிலே ஒரு பழைய பாடம் உண்டு. சோடாத் தொழிற்சாலைகள் வெளிவிட்ட ஐதரோகுளோரிக் அமில வாயு அயலிலிருந்த பயிரையும் மரத்தையும் கருக்கியது. 1863 இல் பாராளுமன்றம் சட்டமியற்றி, அவ்வாயுவில் நூற்றுக்கு 95 வீதத்தை வெளியேறாது தடுக்குமாறு கட்டளையிட்டு, அதனைக் கண்காணிக்க அரசுப் பரிசோதகரை நியமித்தது. றொபேட் அங்கஸ் ஸ்மித் என்ற இரசாயனவியலாளர் முதற் பரிசோதகரானார். வாயுவைக் கழுவி அடக்கும் கோபுரங்கள் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே கண்டுபிடிக்கப்பட்டிருந்தன. கண்டுபிடிப்பு இருந்தது, கட்டாயம் இருக்கவில்லை. முதலாளியின் நல்லெண்ணத்துக்கு விடப்பட்டிருந்த ஒன்றைச் சட்டமும் பரிசோதகரும் சேர்ந்தே பொது விதியாக்கினர்.

இன்றும் அத்திசையில் சில அடிகள் எடுத்து வைக்கப்பட்டுள்ளன. ஈடுசெய்தலை மட்டும் ஆதாரமாகக் கொண்டு ஒரு பொருளைக் காபன் சமநிலையானதென்று விளம்பரப்படுத்துவதைத் தடுக்கும் விதியை ஐரோப்பிய ஒன்றியம் 2024 இல் இயற்றியது. அது 2026 செப்டெம்பர் 27 ஐ நடைமுறைக்கு வரும் நாளாகக் குறித்தது. பெருங் கம்பனிகள் மூன்று வகைப் புகையையும் பகிரங்கப்படுத்த வேண்டுமென்ற சட்டம் கலிபோர்ணியாவில் 2023 இல் நிறைவேறியது. அதனை அப்பிள் ஆதரித்தது என்பதையும் நாம் மறைக்கவில்லை. தன் கணக்கைத் திறந்து வைத்த கம்பனிக்கு, திறக்காத போட்டியாளரும் திறக்க வேண்டுமென்ற சட்டம் நன்மையே. முன்னே செல்பவன் ஒருவனுடைய வாக்குறுதி பின்னே நிற்பவர் அனைவருக்கும் கட்டளையாவது இவ்வாறுதான்.

ஆகவே அப்பிளின் வாக்குறுதியை நாம் கிழித்தெறியச் சொல்லவில்லை. அதை ஒரு கடன் பத்திரமாகக் கையில் வைத்துக்கொண்டு, தவணை வரும்போதெல்லாம் கணக்குக் கேட்க வேண்டும் என்கிறோம். எத்தனை தொன் உண்மையாகக் குறைந்தது, எத்தனை தொன் சான்றிதழால் குறைந்தது, எத்தனை தொன் மரத்தின் பேரில் எழுதப்பட்டது, அந்த மரம் எவர் நிலத்தில் எத்தனை ஆண்டு நிற்கும், கருவி எத்தனை ஆண்டு உழைக்கும், அதைச் செய்தவள் எவ்வாறு வாழ்கிறாள் என்பனவே கேட்கவேண்டிய வினாக்கள். கிறீன்பீஸ் தொண்டரும், சீனத்தின் சுற்றாடல் ஆய்வாளரும், நெடுஞ்சாலையில் அமர்ந்த பெண் தொழிலாளரும் கேட்டமையாலேயே இப்பேரேட்டின் முதற் பக்கங்கள் திறந்தன. விஞ்ஞான ஆசிரியர் புளோரின் வாயுக்களைப் பற்றியும், வர்த்தக ஆசிரியர் சான்றிதழ்க் கணக்கைப் பற்றியும், வரலாற்று ஆசிரியர் 1863 ஆம் ஆண்டைப் பற்றியும் ஒரே பாடசாலையில் கற்பிக்கின்றனர். மூன்று பாடங்களையும் ஒருங்கு சேர்த்து, தன் கையிலிருக்கும் கருவியைச் சுட்டிக் கேள்வி கேட்கும் மாணவன் ஒருவன் எழுவானாயின், பேரேட்டின் எஞ்சிய பக்கங்களும் நெடுங்காலம் மூடியிருக்க மாட்டா.